போட்டோவுக்கு விட்ட இடம்

நாலில் ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் போய் முக்கால் மணி நேரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம் என்று கலாமணி தன்னையே திட்டிக்கொண்டாள். ஹாலின் கிழக்குச் சுவரில் பெயிண்டர் தஸ்தகீர் ஒரு முழ அகலத்துக்கு நாலு பட்டை அடித்துக் காட்டியிருந்தார். முதலாவது சாம்பல், மேட் ஃபினிஷ், தொட்டால் சுண்ணாம்பு ஒட்டும் போலிருக்கும், ஒட்டாது. இரண்டாவது செங்கல் பொடியைக் குழைத்த நிறம், அதன் மேல் சீப்பு இழுத்த மாதிரி கோடு கோடாக டெக்சர். மூன்றாவது கரும்பச்சை, துளி மினுமினுப்பு கிடையாது. நாலாவதில் தங்கத்தூள் கலந்திருந்தது, ஜன்னல் பக்கமிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம், அடுக்களைப் பக்கமிருந்து பார்த்தால் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி. பேங்க் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சிந்துஜா சொல்லிவிட்டுப் போயிருந்தாள், "சாம்பல் மட்டும் வேண்டாம்மா, எழவு வீடு மாதிரி இருக்கும். மத்தது எதுன்னாலும் சரி." சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாக்கைக் கடிக்க என்ன இருக்கிறது? சாம்பல் சாம்பல்தானே. ஆனால் அந்த நேரம் கலாமணிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு தஸ்தகீர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார், அதோடு நிறம் என்ற பேச்சே மண்டையை விட்டுப் போய்விட்டது.

"கலரு அப்பறங்கூடச் சொல்லுங்கம்மா. போட்டோ எத்தனைக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லீட்டீங்கன்னா மொதல்ல அதைய முடிச்சரலாம். டெக்சர் இழுத்தப்பறம் ட்ரில்லு போட்டா சுத்தியும் பேத்துக்கிட்டு வந்துருமுங்க. இப்பவே ஓட்டை போட்டு, பிளக்கை எறக்கி, படம் ஒக்கார்ற எடத்த மட்டும் மட்டமா விட்டுட்டுத்தான் இழுக்கோணும்." எந்தப் போட்டோ என்று அவள் கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "தம்பி போட்டோங்க. சார் சொன்னாருங்களே? மேல சின்ன பல்புக்குக்கூட எலெக்ட்ரீசியன் பாயிண்ட் எடுத்துட்டாருங்க, அதா பாருங்க." சுவரின் நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே, இரண்டு ஒயர் நுனிகள் டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதாவது அலங்கார விளக்காக இருக்கும், சிந்து கேட்டிருப்பாள் என்று நினைத்திருந்தாள். தஸ்தகீருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தப்பான இடத்தில் காலை வைத்துவிட்டது புரிந்துவிட்டது. பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டு, பட்டையெல்லாம் காயட்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நல்ல மனுஷன். ஓடிப்போக அவருக்கு ஒரு டீக்கடையாவது இருக்கிறது.

சின்ன பல்பு. யாருக்குப் போடுவார்கள் சின்ன பல்பு? சாமி படத்துக்குப் போடுவார்கள், செத்தவர்களுக்குப் போடுவார்கள். உயிரோடிருக்கிறவன் தலைக்கு மேல் ராத்திரியும் பகலும் ஒரு சிவப்பு பல்பை எரியவிடுகிற வீடு எங்கேயாவது உண்டா? மாமனார் படத்துக்கு எரிகிறது, பூஜை அறையில். அவருக்கு எண்பத்தொரு வயது, ஆண்டு அனுபவித்துப் போனவர், எரியட்டும். நவநீதனுக்கு என்ன? அவன் காணாமல் போனவன். காணாமல் போனவனுக்கும் செத்தவனுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவரில்தான் அவள் ஏழு வருஷமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அதில் ட்ரில் போட வேண்டும் என்கிறார்கள். அதுவும் யார் சொல்லி? அவள் புருஷன் சென்னியப்பன் சொல்லி. அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது, எலெக்ட்ரீசியனுக்குத் தெரியும், பெயிண்டருக்குத் தெரியும், ஊரில் போகிற வருகிற ஆளுக்கெல்லாம் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. சுவிட்ச் வாங்கப் போகிறேன் என்று காலை எட்டு மணிக்கே மனுஷன் ஏன் அவசரமாகப் புறப்பட்டார் என்று இப்போதுதான் உறைத்தது. கோயமுத்தூரில் ஒன்பதரைக்கு முன்னால் எந்தக் கடையில் சுவிட்ச் விற்கிறார்கள்? அவள் எழுந்து போய் அந்த ஒயர் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். கரண்ட் இருக்குமோ என்று கை கூசியது. இல்லை. டேப் மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. புடவையில் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

எதற்கு என்று தெரியாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்காரர்கள் சிந்துவைப் பெண் பார்க்க வருகிறார்கள். சிந்துவுக்கு இருபத்தொன்பது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, காப்பி குடித்து, ஜாதகமும் பொருந்தி, பிறகு ஒரே ஒரு கேள்வியில் கழன்றுகொண்டது. பையன் எங்கீங்க? இருக்கறானுங்க, ஆனா எங்கன்னு தெரியலீங்க. அதற்கு மேல் யார் உட்கார்ந்திருப்பார்கள்? தரகர் வாசற்படியிலேயே வைத்து உடைத்துச் சொல்லிவிட்டார், "செத்துட்டான்னா துக்கமுங்க, அதைய ஒருத்தரும் கிண்ட மாட்டாங்க. காணாமப் போயிட்டான்னா அது கேள்வியில்லைங்களா? நாளைக்கி எந்தக் கோலத்துல வந்து நிப்பானோ, பங்கு கேப்பானோ, போலீஸ் கூட வருமோன்னு அவியளும் யோசிப்பாங்க." அன்றைக்கு அவரை வெளுத்து வாங்கியது கலாமணிதான். சென்னியப்பன் வாயே திறக்கவில்லை. இப்போது பார்த்தால் அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா இந்தச் சோபாவில்தான் உட்காருவாள். நேரெதிரே புதுச் சுவர், நடுவில் படம், மாலை, பல்பு. ஐயோ பையனுங்களா, என்ன வயசு, பாவம் என்பாள். முடிந்தது. காப்பியைக் குடித்துவிட்டு நகை நட்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். நவநீதனைக் கொன்று தங்கச்சிக்குத் தாலி. அதற்குத்தான் டெக்சர், அதற்குத்தான் தங்கத்தூள்.

பச்சையில் வைத்தால் படம் நன்றாக எடுபடும். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கலாமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். யாரோ பின்னால் நின்று சொன்னது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. அவன் மாநிறம், பச்சைக்கு எடுப்பாக இருப்பான், செங்கல் நிறத்தில் முகம் அமுங்கிப்போகும், தங்கத்தூள் என்றால் மாலையோடு சேர்ந்து ஒரே ஜிகினாவாகிவிடும். சீ. என்ன ஜென்மம் நான். பெற்ற பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்கிறேன், சட்டை எடுக்கிற மாதிரி. அவளுக்குப் பயமாக இருந்தது. சென்னியப்பன்மேல் வந்த கோபத்தைவிட இந்தப் பயம் பெரிசாக இருந்தது. ஏனென்றால் அவளுக்கும் அலுத்துவிட்டது, அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வதும், எந்தக் கூட்டத்திலும் பின்மண்டைகளாகப் பார்த்துக்கொண்டு போவதும், வைகாசியில் அவன் பிறந்த நாளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்துச் சாயங்காலம் கொட்டுவதும், எல்லாம் அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்று ஒத்துக்கொண்டால் அந்த நிமிஷமே அவன் செத்துவிடுவான். அதனால்தான் அலுக்காத மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தாள்.

அவன் போன அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பங்குனி. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை. பரீட்சையில் நாலு பேப்பர் பாக்கி, இருபத்துநாலு வயது, அப்பா முகத்தைப் பார்த்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிற பழக்கம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை, "போறப்ப கேட்டச் சாத்தீட்டுப் போ, நாய் வந்துருது" என்றாள். சாத்திவிட்டுத்தான் போனான். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரேயடியாகப் போக முடிவு செய்தவன் கேட்டைச் சாத்துவானா? சாத்துவானோ? இரண்டு நாள் கழித்து வண்டி ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் இருந்தது, பூட்டி, சாவி போலீஸ்காரர் கையில். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுட்டுப் போ என்றிருக்கலாம். கேட்டைச் சாத்து என்றுதான் வாயில் வந்தது, வெளியே போ என்பதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம். இந்த இடத்துக்கு வந்தால் அவள் மனசு செக்கு மாடு மாதிரி அங்கேயே சுற்ற ஆரம்பித்துவிடும், இழுத்துக்கொண்டு வெளியே வர அரை மணி நேரம் ஆகும். வெளியே வர அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது. அது அந்தப் போன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து இருபத்தொன்று தைப்பொங்கலுக்கு மறுநாள், சாயங்காலம் நாலு மணி. வீட்டில் யாருமில்லை. எந்த ஊர் என்று தெரியாத நம்பர். எடுத்தாள். மூச்சு விடுகிற சத்தம், பின்னால் எங்கேயோ குக்கர் விசில். "ஆருங்க?" என்றாள். பதில் இல்லை. "ஆருங்க வேணும்?" என்றாள். வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தெலுங்கில் சொன்னாள். அவன்தான், அவனைத் தவிர யார் அப்படி மூச்சு விடுவார்கள்? பெற்ற பிள்ளையைப் போய் ஆருங்க என்று ங்க போட்டுக் கேட்டிருக்கிறாள், பிறத்தியாளைக் கேட்கிற மாதிரி. டேய் நவநீ என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் பேசியிருப்பான். அதற்காக அவள் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் அந்தக் குற்றத்தில் ஒரு இனிப்பும் இருந்தது, ஏனென்றால் அது குற்றமாக இருக்கிறவரைக்கும் அவன் இருக்கிறான். எங்கேயோ ஒரு அறையில், குக்கர் விசிலடிக்கிற வீட்டில், ஆந்திராவிலோ எங்கேயோ, யாரோ அவனுக்குச் சோறு போடுகிறார்கள். புருஷனிடம் சொல்லவில்லை, ராங் நம்பர் என்று ஒரே வார்த்தையில் கொன்றுவிடுவார். சிந்துவிடமும் சொல்லவில்லை. தனியாக வைத்துக்கொண்டு நாலு வருஷம் அதைத் தின்று பிழைத்தாள். சரி, தஸ்தகீர் வரட்டும். போட்டோ கீட்டோ ஒன்றும் கிடையாது, அந்த ஒயரை உள்ளே தள்ளிப் பூசிவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். சிந்துவுக்கு? சிந்துவுக்கு வேறு இடம் வரும். வராவிட்டால்? வராவிட்டால் அவள் பாவம் யார் தலையில்?

போன் சிணுங்கியது. வாட்ஸப்பில் ஸ்டுடியோக்காரர், தெரியாத நம்பர்தான், ஆனால் கீழே கடைப் பெயர் போட்டிருந்தது. 'சார் போன் எடுக்கலீங்க. பில்லில் உங்க நம்பரும் இருந்தது. ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னா பிரிண்ட் போட்டுருவோம். 12க்கு 16.' கீழே படம். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நவநீதன் கோட்டு சூட்டு டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோட்டே கிடையாது. காணவில்லை நோட்டீஸில் போட்ட அதே படம், பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் அவளே பசை தடவி ஒட்டிய படம், கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். பின்னால் நீல மேகம். அதன் கீழே இரண்டு வரி. தோற்றம் 9.6.1993. மறைவு 22.11.2019. அவள் மேகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தேதி என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. தப்பு. அவன் போனது பதினெட்டு மார்ச். ஏழு வருஷமாக ஆளைக் காணோம், செத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் அது இந்த வருஷத் தேதியாக இருக்கும். இரண்டுமில்லாமல் நடுவில் இது என்ன? கை தானாகவே நம்பரை அமுக்கிவிட்டது. "தம்பி, தேதி தப்பா போட்டிருக்கறீங்க." ஸ்டுடியோக்காரர் பதறவில்லை. "இல்லீங்கம்மா, சார் கைப்பட எழுதிக் குடுத்ததுங்க. மறைவு தேதி மாறிடக் கூடாதுன்னு நானே ரெண்டு தடவ கேட்டனுங்க. சரியாத்தான் இருக்குன்னாருங்க. சீட்டு அனுப்பட்டுங்களா?" அனுப்பினார். சென்னியப்பன் எழுத்துத்தான். இருபத்திரண்டு, பதினொன்று. அடியில் பேனாவை அழுத்தி ஒரு கோடு.

கார்த்திகை மாசம். வெள்ளிக்கிழமை. தேதியில்லாமல் கிழமையாகத்தான் அந்த நாள் திரும்ப வந்தது, ஏனென்றால் அவள் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு போன் வந்தது, வாசலில் போய் நின்று பேசினார். ஜோலார்ப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் மோட்டார் பழுது, உடனே போகோணும் என்றார். மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை. அதற்கு முன்னால் அடையாளம் தெரியாத உடம்பு என்று இரண்டு ஊரிலிருந்து கூப்பிட்டபோது இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள், இரண்டு தடவையும் துணியை விலக்கியதும் யாரோ பெற்ற பிள்ளைகள், அவள் நன்றி சாமி என்று கும்பிட்டுவிட்டு அந்த நன்றிக்காக அழுதாள். இந்தத் தடவை அவர் தனியாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். வீட்டுக்குள் வராமல் வெளிக்குழாயடியில் உட்கார்ந்து போட்ட துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், ஒரு குடம், இரண்டு குடம், அவள் துண்டோடு நிற்க நிற்க ஊற்றிக்கொண்டேயிருந்தார். என்னங்க இது? மில்லுல ஒருத்தன் செத்துட்டான், சுடுகாடு வரைக்கும் போயிட்டேன். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லை. ஒரு ஸ்டேஷனுக்கும் போகவில்லை. அவள் பாட்டுக்குத் திட்டினாள். உங்குளுக்கு மனசா கல்லா என்றாள். ஒரு தடவை அல்ல, வருஷக்கணக்காக. பெத்த வயிறு எனக்குத்தானே எரியும் என்று சொந்தபந்தம் முன்னாலேயே சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மூடி வைத்த பிறந்த நாள் தட்டையும் அப்படித்தான் பார்த்தார், ஒவ்வொரு வருஷமும், தெரிந்துகொண்டே. பாவி. என்னைப் பாவம் பார்த்தாயா, அல்லது என் அழுகையைப் பார்க்கப் பயந்தாயா? வாயால் இத்தனை வருஷம் புளுகத் தெரிந்த மனுஷனுக்கு மகன் படத்துக்குக் கீழே ஒரு பொய்த் தேதி எழுதக் கை வரவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அப்படியானால் அந்தப் போன்? இருபத்தொன்று, தை. இவன் தேதி பத்தொன்பது, கார்த்திகை. அவள் விரல் விட்டு எண்ணினாள், எண்ணத் தேவையே இல்லாத கணக்கை இரண்டு தடவை எண்ணினாள். பதினாலு மாசம் முன்னாலேயே எரிந்துபோனவன் போனில் மூச்சு விட மாட்டான். யாரோ எவரோ, யாரையோ தேடி நம்பர் மாற்றிப் போட்டவர். ஆருங்க என்று அவள் கேட்டது சரிதான், பிறத்தியாளைப் பிறத்தியாள் மாதிரிதான் கேட்டிருக்கிறாள். ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் குற்றம் நெஞ்சிலிருந்து கழன்று விழுந்தது, விழுந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் வெறும் குழியாக இருந்தது. அவள் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இருபது மாசம் அவன் எங்கேயோ இருந்திருக்கிறான் என்ற நினைப்புத்தான் வந்தது. என்ன தின்றான், எங்கே படுத்தான், யாரிடமாவது எனக்கொரு அம்மா இருக்கிறாள் என்று சொன்னானா?

தஸ்தகீர் படியேறி வந்து செருமினார். "காஞ்சிருச்சுங்கம்மா. எதாச்சும் முடிவு பண்ணுனீங்களா?" அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "பன்னெண்டுக்குப் பதினாறு. ஓட்டை போட்டுருங்க." அவர் ட்ரில்லை எடுத்தார். எந்த உயரத்தில் என்று கேட்டார். அவள் சுவருக்குப் போய் தன் கண் மட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் மேல வெச்சாத்தான் எடுப்பா இருக்கும் என்றவர், அவள் கையை எடுக்காததைப் பார்த்துவிட்டு அங்கேயே பென்சிலால் குறி போட்டார். ட்ரில் அலறியது. சிவப்புத் தூள் பொலபொலவென்று தரையில் கொட்டியது. அந்த இரைச்சலுக்குள் அவள் கையில் போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. சென்னியப்பன். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

"கலரு சொல்லீட்டியா?" என்றார். ஒன்றும் நடக்காத குரல். ஸ்டுடியோக்காரன் அவரிடம் இன்னும் பேசவில்லை போலிருக்கிறது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. வேறொன்றுதான் வந்தது.

"ஆரு கொள்ளி வெச்சது?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. யாரோ கடையில் பேரம் பேசினார்கள். வைத்துவிட்டாரோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை. "நாந்தான்" என்றார். பிறகு, "வேற ஆரு இருக்கறாங்கன்னு அங்க கேட்டானுக. ஒருத்தருமில்லன்னு சொன்னேன். கலா, அவம் மூஞ்சிய நீ பாத்திருக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷன் நடுத்தெருவில் நின்று அழுகிற சத்தம்தான் கேட்டது. அவள் அவரைத் தேற்றவில்லை. தேற்ற அவளுக்கு மனசு வரவில்லை, நாளைக்கு வருமா என்றும் தெரியவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நேரா பேங்குக்குப் போயி சிந்துவக் கூட்டீட்டு வாங்க" என்றாள். "நீங்க அன்னைக்கே குளிச்சுட்டீங்க. நானும் அவளும் இன்னும் குளிக்கல."

ஹாலில் தஸ்தகீர் பிளக்கை இறக்கித் தட்டிவிட்டு, தரையில் கொட்டியதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். கலரும் சொல்லிவிட்டால் மதியத்துக்குள் ஒரு கோட்டிங் இழுத்துவிடலாம் என்றார். "இன்னைக்கு வேலை வேண்டாங்க" என்றாள் கலாமணி. "வீட்டுல எழவு விழுந்திருக்குது." அவர் யார் என்று கேட்கவில்லை. ட்ரில்லின் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் ஓரமாகப் போய் நின்றார். அவள் சோபாவையும் நாற்காலியையும் சுவரோரமாகத் தள்ளி, வருகிறவர்கள் உட்கார நடுவில் பாயை விரித்தாள்.